பழைய வண்டி ஹீட் ஆகிறதா? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. 2004 மாடல் மாருதி 800 ஒன்றைத் தேர்டு ஓனராக வாங்கி, மஞ்சக்குப்பத்துக்கும் புதுச்சேரிக்கும் தினமும் ஓட்டி, இரண்டு அக்னி நட்சத்திரத்தை ரோட்டைப் பார்த்ததை விட ஹீட் முள்ளைப் பார்த்தே அதிகம் கழித்தவன். அதற்குச் செலவழித்த பணத்தில் பாதி, கெட்டுப்போகாத பாகங்களை மாற்றியதில் போனது. அப்புறம் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸில் கூட இருப்பவர்கள் என்று பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாரும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை. பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், டீசல் மாறுபடும் இடத்தில் சொல்கிறேன்.

முள் சிவப்புக்குப் போய்விட்டது, பானெட்டிலிருந்து ஆவி வருகிறது. இப்போது என்ன செய்ய?

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, ரெட்டிச்சாவடி தாண்டினா ஒர்க்‌ஷாப் இருக்கு" என்று ஓட்டுகிறோமே, அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினைப் பிரிக்கும் வேலையாக மாறுகிறது. சின்ன கார்களின் சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு எல்லை மீறினால் அது வளைந்துவிடும், வளைந்தது தானாக நிமிராது.

முள் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் சிவப்பைத் தொடவில்லை என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஏசியை நிறுத்துங்கள், காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து புளோயரையும் முழு வேகத்தில் போடுங்கள். மே மாதத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு போனால் பார்ப்பவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தைக் காருக்குள் இழுத்துக்கொள்ளும். கடலூரில் கார் ஹீட்டருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? ஹீட்டரில் காற்று சூடாகவே வரவில்லை, முள் மட்டும் மேலே நிற்கிறது என்றால் உள்ளே சுற்றுவதற்குத் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம், அப்போது யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்க யாராவது குடத்தோடு ஓடி வருவார்கள். நல்ல மனசுதான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம்.

ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கலாம்?

மேல் ஹோஸ் பைப்பைக் கையால் பிடித்து அழுத்தும் அளவுக்குச் சூடு இறங்கிய பிறகு. குறைந்தது முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் தடித்த துணியை மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி திருகி அழுத்தம் வெளியேறும் வரை நிறுத்தி, அப்புறம்தான் முழுசாகத் திறக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் உண்டு.

சரி, ஆறிவிட்டது. எதிலிருந்து பார்ப்பது?

என்ன கெட்டுப்போயிருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்போது ஹீட் ஆகிறது என்று கவனியுங்கள். நின்றால் ஏறி, ஓட்டினால் இறங்குகிறதா? நின்றால் சரியாக இருந்து, வேகமாகப் போனால் ஏறுகிறதா? ஏசி போட்டால் மட்டுமா? ஸ்டார்ட் செய்த ஐந்தாவது நிமிடமேவா? கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) மாற்றிய பிறகு ஆரம்பித்ததா? இதில் ஒன்றுக்குப் பதில் தெரிந்தாலே சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். மெக்கானிக்கிடம் "வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவர் தனக்குப் பழக்கமான பாகத்திலிருந்து மாற்ற ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் சொன்னது அவ்வளவுதான்.

அப்புறம், ஆறிய இன்ஜினில் தண்ணீர் அளவைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு ஃபுல்லாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டருக்குள் விரல் விட்டால் தண்ணீர் தட்டுப்படாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் பெரும்பாலும் மூடிதான், பிறகு வருகிறேன்.

சிக்னலிலும் டிராஃபிக்கிலும் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர்ந்தால் இறங்கிவிடுகிறது.

ஃபேன். வண்டி ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அரியாங்குப்பத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஊரும்போது ஏறி, தவளக்குப்பம் தாண்டியதும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டரைத் தொடவே தொடாதீர்கள், முதலில் ஃபேனைப் பாருங்கள்.

இது என் கதையும்தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரை மாற்றினார்கள். சரியாகவில்லை. இன்னொரு இடத்தில் தெர்மோஸ்டாட் வால்வை, அதாவது இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வை, கழற்றிப் போட்டார்கள். அதுவும் சரியாகவில்லை. இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள்தான், "சுத்துதே" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டே நின்றார். "சுத்துது, ஆனா சோம்பேறித்தனமா சுத்துது தம்பி" என்றார். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராக ஃபேன் மோட்டாருக்குக் கொடுத்தார், ஃபேன் சீறியது. மறுபடி வண்டியின் ஒயரிங்கிலேயே மாட்டினார், பழைய சோம்பல். அப்படியானால் மோட்டார் நல்லது, வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது. பாடியோடு சேரும் எர்த் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு, மாசக்கணக்கில் தேய்க்காத குத்துவிளக்கில் பிடிக்குமே, அதே பச்சை. எனக்கு முந்தைய ஓனர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தவர். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி, இறுக்கினார். உப்பு செய்த கோளாறை உப்புத்தாள் சரிசெய்தது. அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் ரேடியேட்டர் மாற்றியவர்கள் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை. நேராகக் கொடுத்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. நேராகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றி, வண்டியில் சுற்றவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், ஒயர் என்று வரிசையாகப் போக வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் சூட்டு சுவிட்ச்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்தால் ஃபேன் ஓட வேண்டும், ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. எம்பிஎஃப்ஐ வண்டிகள் (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சுபவை) பலவற்றில் இன்ஜின் ஓடும்போது கூலண்ட் சென்சார் பிளக்கைப் பிடுங்கினால், கம்ப்யூட்டர் பயந்துபோய் ஃபேனைத் தானே போட்டுவிடும்.

நேர்மாறாக, டவுனில் சரியாக இருக்கிறது, ஈசிஆரில் 80-ல் போனால் ஏறுகிறது.

இது சுற்றோட்டத்தில் கோளாறு. வேகமாகப் போகும்போது இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, அவ்வளவு சூட்டையும் எடுத்துப்போகும் அளவுக்குத் தண்ணீர் சுற்றவில்லை அல்லது ரேடியேட்டர் அதை வெளியே விடவில்லை.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வெளியேயும் அடைத்திருக்கலாம். வெளியே என்றால் இந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம். அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே உளுந்தையும் நெல்லையும் பரப்பிவிடுகிறார்கள், நாம் அதன் மேல் ஓட்டிப் போகிறோம், பதரும் தூசியும் கிரில் வழியாகப் போய் ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கத்திலிருந்து, அதாவது இன்ஜின் பக்கத்திலிருந்து, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். கடல்காற்றில் அரித்த தகடுகள் விரல் பட்டாலே அப்பளம் மாதிரி உதிரும், அப்படியானால் கழுவிப் பயனில்லை, ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே அடைப்பா என்று பார்க்க, சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபேன் ஓடாது என்று உறுதி செய்துகொண்டு, ரேடியேட்டர் தகட்டின் மேல் பல இடங்களில் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பகுதி கொதித்து, இன்னொரு பகுதி குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தருவார்கள், அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அதெல்லாம் சரிப்படாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கீழ் ஹோஸ் பைப் பழசாகித் தளர்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பம்ப் இழுக்கும் இழுப்பில் அது உறிஞ்சு குழல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். யாரையாவது மிதிக்கச் சொல்லிவிட்டு, பெல்ட்டும் ஃபேனும் கையில் படாத தூரத்தில் நின்று பாருங்கள். அடுத்தது வாட்டர் பம்ப். புல்லியை ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தாலோ, அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து சொட்டினாலோ, பம்ப்பின் காலம் முடிந்தது. பல பழைய பெட்ரோல் கார்களில் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது, அதனால் பேட்டரி விளக்கு எரிந்து கூடவே முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று இறங்காமலே சொல்லிவிடலாம்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடலாம் என்கிறார். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குண்ணே" என்கிறார்.

இதை எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். வெளியே வெயில் எவ்வளவு என்பது இந்த வால்வுக்குக் கணக்கில்லை. இன்ஜின் சுமார் 90 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வேலை செய்வதற்காகத்தான் உருவாக்கப்பட்டது. மே மாத வெயிலே 40 டிகிரிதான், அதற்கும் 90-க்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்பாகங்கள் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கும். அதில் வால்வையே எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, ஹீட் இன்னும் கூடிவிடும். ஒரு நாள் கழற்றி ஓட்டி, வால்வுதானா கோளாறு என்று பார்க்கலாம், தப்பில்லை. அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு.

வால்வு நல்லதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் அடுப்பில் பாத்திரம் வைத்து, வால்வை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வால்வின் மேலேயே 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும், அந்த டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். என்னுடையது தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தொங்கியது. அந்தப் பாத்திரத்தில் இனிமேல் சமைக்க மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், ஆகவே பழைய டப்பா ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். (என் வண்டிக்கு எர்த் ஒயர், வால்வு இரண்டுமே கோளாறு. கழற்றியவர் வால்வைக் கையில் கொடுத்திருந்ததால்தான் பிறகு சோதித்துப் பார்க்க முடிந்தது. கழற்றும் எதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு மூடியால் வண்டி ஹீட் ஆகுமா?

ஆகும். அது வெறும் மூடி இல்லை, குக்கரின் வெயிட் மாதிரி. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 என்று அழுத்த அளவு எழுதிய மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் உள்ளே கொதிநிலை 118 டிகிரி வரை ஏறுகிறது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்கூட்டியே கொதித்து டப்பா வழியாக வெளியே கொட்டும்.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப ரேடியேட்டருக்குள் விடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால் டப்பா நிறைந்தும் ரேடியேட்டர் காலியாகவும் இருக்கும், ஆறிய பிறகு மேல் ஹோஸ் பைப் சப்பையாகிக் கிடக்கும். பழைய வண்டி வாங்கியவுடன் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம் என்று நான் சொல்லும் ஒரே பாகம் இந்த மூடிதான். எண் மட்டும் மாறக்கூடாது.

போர் தண்ணீரை ஊற்றலாமா?

உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள். அதன் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதுதான் ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களுக்குள்ளும் படியும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, உப்பு அலுமினியத்தை அரிக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் கிடைக்கும் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள், பிறகு முழுவதும் வடித்துவிட்டு ஒழுங்காக நிரப்புங்கள்.

கூலண்ட்டில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று கலந்தே வருவது, அப்படியே ஊற்றலாம். இன்னொன்று கெட்டியானது, அதைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டரில் கலக்க வேண்டும். கெட்டியானதை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள், இல்லை, சூட்டை எடுத்துச் செல்வதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கூலண்ட் அதற்குத் துணை. வேறு வேறு வகைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். வடித்ததைத் தெருவில் ஊற்றவும் வேண்டாம், அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், விஷம்.

கூலண்ட் மாற்றிய பிறகுதான் ஹீட் ஆகிறது. முன்னால் நன்றாக இருந்தது.

உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. முன்பக்கத்தை மேடாக வைத்து நிறுத்தி, மூடியைத் திறந்தபடி ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி வருவது நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தித் தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். ஆம்னி வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு பொறுமையாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கு அடியில், நடுவில் நீளமான குழாய்கள், காற்று ஒளிந்துகொள்ள நிறைய இடம்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் நிற்குமா?

சின்ன ஒழுகலாக இருந்தால் சில சமயம் நிற்கும். லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. வீடு வந்து சேர மட்டும்.

எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது.

எனக்கு வரும் கேள்விகளில் கேட்டவுடன் வயிற்றைக் கலக்குவது இதுதான். முதலில் காருக்குள் முன்சீட்டு கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஹீட்டர் உள்ளே ஒழுகினால் அங்கே ஈரமும் இனிப்பு வாசனையும் இருக்கும். அது இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு.

காலையில் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம். நிற்காமல், ஒரே தாளத்தில், சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே, இன்னும் சூடேறாதபோதே, ஹோஸ் பைப் கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்து ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், சந்தேகமே வேண்டாம், வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைக் கூழ் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், மழைக்காலத்தில் சின்னச் சின்ன தூரம் ஓட்டும் வண்டிகளில் அது வரும்.

கேஸ்கெட் மாற்ற ஹெட்டைக் கழற்றும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாருதி 800 மாதிரி சின்ன இன்ஜின்களில் 0.05 மி.மீ. தாண்டினாலே லேத்தில் கொடுத்து ஃபேஸ் செய்ய, அதாவது சமமாகச் சீவ, வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டால் சில மாதத்தில் அதே கதை, அதே கூலி. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்கும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். "என் கைதான் டார்க் ரென்ச்" என்று சொல்பவரிடம் ஹெட் வேலை கொடுக்காதீர்கள். அப்புறம், எதனால் ஹீட் ஆகி கேஸ்கெட் போனது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள், அது அப்படியே இருந்தால் புது கேஸ்கெட்டும் போகும்.

ஏசி போட்டால் மட்டும்?

கண்டென்சர் அழுக்கு, அல்லது ஏசிக்கான ஃபேன் ஓடவில்லை. மேலே சொன்ன கழுவலும் ஃபேன் சோதனையும் போதும், அதற்கும் அடங்காவிட்டால்தான் ரேடியேட்டர்.

என்னுடையது டீசல் சுமோ. எலக்ட்ரிக் ஃபேனே இல்லையே?

பெல்ட்டில் சுற்றும் ஃபேன் என்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் ஏதோ ஒரு வேலைக்காகக் கழற்றிய அந்த வளையத்தைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். அது இல்லாமல் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்தில் இருக்கும் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும்.

முள்ளே பொய் சொல்லுமா?

சொல்லும். சாவி போட்டவுடன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, முள் சர்ரென்று மேலே போனால் ஒயர் எங்கோ பாடியில் படுகிறது. லைட் போட்டால் முள் அசைந்தால் எர்த் கோளாறு. ஆனால் பொய் என்று உறுதியாகும் வரை உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க?

நீங்கள் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், துரு நிறம் என்றால் பல வருடமாகக் கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடியிருக்கலாம். மஞ்சள் நிறத்தில் தூள் தூளாக மிதந்தால் எதற்காகப் போட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல், அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் என்று கடலூரிலும் பாகூர் பக்கமும் நிறைய வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வரத்தான் செய்யும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள், வண்டல் காய்ந்து ஒட்டியிருக்கும். சீட்டு பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை.

கடைசியாக, வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஃபேன் தானாக ஓடும் வரை நில்லுங்கள். பத்து நிமிடம் ஆகும், பதினைந்தும் ஆகலாம். விற்பவர் டீ சாப்பிடலாமா என்று கூப்பிடுவார், டீயை அங்கேயே வரவழைத்துக் குடியுங்கள். முள் பாதிக்கு வந்ததும் ஃபேன் சீறிக்கொண்டு ஓட வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். இரண்டு தடவை பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.